காவலாளி பார்த்த பூஜ்யம்

விசாரணை நாலு மணிக்கு. இப்போது மணி மூன்றாகப் போகிறது. எங்கள் கையில் இருந்த ஒரே துப்பு ஒரு பூஜ்யம்.

கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே பூஜ்யம்தான். ஒரு பெட்டியின் முகப்பில் சிவப்பாக எரிந்த பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அதைக் காவலாளி ஒருவர் பார்த்துத் தொலைத்திருந்தார். உலகத்தில் உள்ள எல்லாக் காவலாளிகளும் கண்ணயர்கிற நேரம் அது. இந்த மனிதர் மட்டும் கடமை தவறாமல் விழித்திருந்ததால் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண் விழப்போகிறது.

எங்களைப் பற்றி இரண்டு வரி. துப்பறியும் நிலையம் என் அண்ணியுடையது. பத்து வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, எரியாத கடைகளும் சாகாத மாமனார்களும் அனுப்பிய விண்ணப்பங்களைப் படித்துப் படித்து, பொய்யை வாசனையிலேயே கண்டுபிடிக்கப் பழகியவர். நான் கொழுந்தன். உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவன், திட்டு வாங்குபவன் எல்லாம் நானே.

வழக்கு இதுதான். இந்தக் கால்நடை இனப்பெருக்க நிலையத்தில் ஒரு காளை இருந்தது. எல்லாரும் அதை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் வாரிசாகப் பிறந்த பசுக்கள் மற்ற பசுக்களைப் போல இரண்டு மடங்கு பால் கறந்தன. போன வருடம் மாப்பிள்ளை கண்ணை மூடியது. ஆனால் அதன் உறைவிந்து இருநூற்றுப் பன்னிரண்டு மெல்லிய குச்சிகளில் அடைக்கப்பட்டு, திரவ நைட்ரஜன் நிரம்பிய டாங்கில் மூழ்கிக் கிடந்தது. மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி குளிர். செத்த பிறகும் அப்பா ஆகிக்கொண்டிருந்த ஒரே மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து அதுதான்.

அந்த டாங்கைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு டாங்க் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. ஞாயிறு காலை அவருக்கு வேலை. பகல் ஒரு மணிக்கு வீட்டிலிருந்து போன். ஒன்பது வயது மகளுக்கு நூற்று மூன்று காய்ச்சல். வீட்டில் வேறு துணை இல்லை. டாங்கை மூடிவிட்டு ஓடினார். மதியம் அலுவலகத்துக்கு வந்த துணை மேலாளர் வேறு மாதிரி எழுதிவிட்டார். மூடி சரியாக மூடப்படவில்லை, உள்ளே வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஏறிவிட்டது, குச்சிகள் உருகிக் கெட்டுவிட்டன, அதனால் அவற்றை உலையில் போட்டு எரித்துவிட்டு நைட்ரஜனை மறுபடி நிரப்பினேன் என்று. சாட்சி, காவலாளி. இன்று நாலு மணி விசாரணையில் டாங்க் அக்காவை வேலையை விட்டு அனுப்பி, போலீசுக்கும் எழுதப்போகிறார்கள்.

காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

"அண்ணி, இந்த ஊர் பூனைக்குக்கூட மூளை இல்லை. நாலு கார் நிக்குது. நாலுக்கும் அடியில நிழல் இருக்கு. மூணு பூனையும் அந்த வெள்ளைக் காரோட பின்பக்கம் ஒண்ணை ஒண்ணு பிறாண்டிக்கிட்டு முண்டுது பாருங்க."

"நீ பூனையைப் பார்க்கவா வந்தே?"

"இல்லை, பூஜ்யத்தைப் பார்க்க."

"அப்ப வாயை மூடிக்கிட்டு வா" என்றார் அண்ணி.

காவலாளி வாயில் பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்க டாங்க் அக்கா வெச்ச ஆளுங்களாம்மா? அந்தப் பொண்ணு என் தங்கச்சி மாதிரி. நான் பார்க்கவே இல்லைன்னு வேணும்னா சொல்லிடறேன்."

"பொய் எல்லாம் வேண்டாம் அண்ணே. அதைச் சொல்றதுக்கு எதிர்க்கட்சியில ஆள் இருக்கு. நீங்க பார்த்ததைச் சொல்லுங்க."

"அரை மணிக்கு ஒரு தடவை கட்டடத்தைச் சுத்தி வருவேன். டாங்க் ரூம் ஜன்னல் வழியா அந்தப் பெட்டி தெரியும். மூணு மணிக்குப் பார்த்தேன். சிவப்பா ஒரு பூஜ்யம்."

"அதுக்கு முந்தின சுத்துல?"

"ரெண்டரைக்கா? எப்பவும் போலத்தான். ரெண்டு ஏழு ஜோடியா நிக்கும். எனக்கு அது பழகிப்போச்சு."

"எழுபத்தேழு."

"அப்படியும் சொல்லலாம். மூணு மணிக்கு அந்த முட்டை. மூணரைக்கு மறுபடி ரெண்டு ஏழும் வந்துடுச்சு."

"இதை விசாரணையில சொன்னீங்களா?"

"யாரும்மா கேட்டா? இஸ்திரி சார் கேட்டது ஒரே கேள்வி. பூஜ்யம் பார்த்தியா இல்லையான்னார். பார்த்தேன்னேன். எழுதி, கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போயிட்டார்."

இஸ்திரி என்பது துணை மேலாளர். எந்த வெயிலிலும் சட்டை மடிப்பு கலையாது என்பதால் வந்த பட்டம். மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம்.

கொஞ்ச தூரம் நடந்ததும் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. "அண்ணி! எழுபத்தேழு டிகிரின்னா கிட்டத்தட்ட வெந்நீர். பதினோரு வருஷமா மாப்பிள்ளையை வேகவெச்சிருக்காங்க!"

அண்ணி சிரிக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டார். அவர் இப்படி நின்றால் ஒன்று விஷயம் பிடிபட்டிருக்கும், இல்லையென்றால் செருப்பு அறுந்திருக்கும். குனிந்து பார்த்தேன். செருப்பு நன்றாக இருந்தது.

டாங்க் அறை வாசலில் டாங்க் அக்கா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. அதனால் நிலைப்படிக்கு வெளியே கால்விரல்களை ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டியிருந்தார். மூன்று நாளாகத் தூங்காத முகம். ஆனாலும் என்னைப் பார்த்ததும் அதட்டினார்.

"தம்பி, டாங்க் மேல சாயாதீங்க!"

இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய எஃகு டாங்க். அதன் மூடியிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, சுவரில் இருந்த பெட்டிக்குப் போயிற்று. பெட்டியில் சிவப்பாக 77.

"இது எந்தக் கணக்கு?" என்று கேட்டார் அண்ணி.

"கெல்வின்க்கா. எனக்கும் மைனசுக்கும் ஆகாது."

"ஏன்?"

"அது ஒரு சின்னக் கோடுதானே? ஒன்பது வருஷம் முன்னாடி பயிற்சிக்கு வந்த ஒருத்தர் அந்தக் கோட்டைப் போட மறந்துட்டார். தலைமை அலுவலகத்துக்கு வெறும் நூத்தித் தொண்ணூத்தாறுன்னு போயிடுச்சு. நீங்க அங்க குளிர வெக்கிறீங்களா, சமையல் பண்றீங்களான்னு கேட்டு ரெண்டு பேர் கிளம்பி வந்துட்டாங்க. அன்னிக்கே பெட்டி பின்னாடி இருக்கிற திருகைக் கெல்வினுக்குத் திருப்பிட்டேன். கெல்வின்ல மைனசே கிடையாது. தினமும் அதுல இருந்து இருநூத்தி எழுபத்து மூணைக் கழிச்சு, நானே பெரிய கோடாப் போட்டு, அறிக்கையில எழுதிடுவேன்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"பழைய மேலாளருக்குத் தெரியும். அவர் ஓய்வுல போயிட்டார். இப்ப என் பொண்ணுக்குத்தான் தெரியும். அவளுக்கு இது ஒரு விளையாட்டு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணினப்பகூட, அம்மா, எனக்கு முன்னூத்திப் பன்னெண்டரைன்னுதான் சொன்னா."

"முன்னூறா? அது குழந்தையா, அடுப்பா?" என்று அலறினேன்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "டேய், எல்லாம் ஒரே காய்ச்சல்தான்டா. எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம்ங்கிறதுதான் வேற. ஒரு கட்டடம்னு வெச்சுக்கோ. செல்சியஸ்காரர் தண்ணி உறையிற தளத்துல நின்னுக்கிட்டு அதுதான் பூஜ்யம்ங்கிறார். பாரன்ஹீட்காரர் அதுக்கும் கொஞ்சம் கீழே இறங்கி நின்னுக்கிட்டு இதுதான் பூஜ்யம்ங்கிறார். அவரோட படிக்கட்டும் குட்டிக் குட்டிப் படி. நாம அஞ்சு படி ஏறினா அவர் ஒன்பது படி ஏறினேம்பார். அதனாலதான் தண்ணி உறையிற இடம் அவருக்கு முப்பத்திரண்டாவது படி."

"கெல்வின்காரர்?"

"அவருக்குச் செல்சியஸ்காரரோட அதே படிதான். ஆனா அஸ்திவாரத்துல இருந்து எண்ணிக்கிட்டு வர்றார். அதுக்குக் கீழே படியே கிடையாது. அதுதான் நிஜமான பூஜ்யம். செல்சியஸ்ல மைனஸ் இருநூத்தி எழுபத்து மூணு, பாரன்ஹீட்ல மைனஸ் நானூத்தி அம்பத்தொன்பது. எங்க போனாலும் அதுக்கு மேல குளிர முடியாது."

"யாராவது அங்க போய்ப் பார்த்திருக்காங்களா?"

"ரொம்பப் பக்கத்துல போயிருக்காங்க. தொட்டது யாருமே இல்லை. தொடவும் முடியாது."

"என்ன அண்ணி இப்படிச் சொல்றீங்க? நம்ம இஸ்திரி சார் ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குப் போயிட்டு மூணரைக்குத் திரும்பி வந்துட்டாரே!"

சொல்லிவிட்டுத்தான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. வாயைப் பிளந்தபடி நின்றேன். அண்ணி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நேராகப் பெட்டியிடம் போய், மூடியிலிருந்து வந்த ஒயரைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, அக்கா!" என்று வாசலிலிருந்து ஒரு கத்தல்.

பெட்டியில் 77 மறைந்தது. சிவப்பாக ஒரு பூஜ்யம் எரிந்தது. ஒயரை மறுபடி செருகினார். ரெண்டு ஏழும் ஜோடியாக வந்து நின்றன.

"ஒயரைக் கழட்டினா இது பூஜ்யம் காட்டும். இந்த மூடியை முழுசா வெளியே எடுக்கணும்னா ஒயரைக் கழட்டணுமா?"

"கழட்டித்தான் ஆகணும்" என்றார் டாங்க் அக்கா. நிலையைப் பிடித்துக்கொண்டு இன்னும் எட்டிப் பார்த்தார். "அப்ப டாங்க் சூடே ஆகலையாக்கா? நான் மூடியைச் சரியாத்தான் மூடிட்டுப் போனேனா? மூணு நாளா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பதட்டத்துல விட்டுட்டோமோ, விட்டுட்டோமோன்னு. பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போதுகூட அதே நினைப்பு."

"நல்லா மூடிட்டுத்தான் போயிருக்கீங்க. வேற ஒருத்தர் திறந்திருக்கார்."

"இஸ்திரி திருடன்!" என்று நான் குதித்தேன்.

"குதிக்காதே. ஒயரைக் கழட்டினவன் எல்லாம் திருடன்னு சட்டம் இருக்கா? குச்சி எங்கே? எரிச்சுட்டேன்னு சாதிச்சா நாம என்ன பண்ண முடியும்?"

மணி மூன்று ஐம்பது. பக்கத்து அறையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

விசாரணைக்கு இயக்குநர் தலைமை. கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்து, யாரைப் பார்த்தாலும் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிற அம்மாள். எதிரே இஸ்திரி. சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. சுவரோரம் டாங்க் அக்காவும் காவலாளியும்.

"உங்க அறிக்கையில ரெண்டு கட்டம் நிரப்பியிருக்கீங்க. பூஜ்யம் செல்சியஸ், முப்பத்திரண்டு பாரன்ஹீட். ரெண்டாவது எதுக்கு சார்?" என்று பவ்யமாகக் கேட்டார் அண்ணி. அவர் பவ்யமாகப் பேசினால் எதிரில் இருப்பவர் தொலைந்தார் என்று அர்த்தம்.

"டாங்க் தயாரிச்ச கம்பெனிக்கு அந்தக் கணக்குதான் வேணுமாம். ஒன்று புள்ளி எட்டால பெருக்கி முப்பத்திரண்டைக் கூட்டணும். பள்ளிக்கூடப் பாடம்மா" என்று இஸ்திரி சிரித்தார்.

"கணக்கு ரொம்பச் சரி. பெட்டியை மட்டும் பார்த்தா போதுமா? அது பழுதா இருந்திருந்தா?"

"நான் அவ்வளவு அவசரக்காரன் இல்லை. கையை விட்டே பார்த்தேன். ஐஸ் தண்ணி மாதிரிதான் இருந்தது. குச்சியெல்லாம் கொழகொழன்னு ஆயிடுச்சு."

"கையுறை போட்டீங்களா?"

"அந்தப் பதட்டத்துல கையுறையைத் தேடவா முடியும்?"

"எந்தக் கை சார்?"

"வலது கை. இதெல்லாம் ஒரு கேள்வியா மேடம்?" என்று இயக்குநரைப் பார்த்தார்.

அண்ணி காவலாளியை எழுப்பினார். ரெண்டரைக்கு ரெண்டு ஏழு, மூணு மணிக்கு முட்டை, மூணரைக்கு ரெண்டு ஏழு என்று அவர் ஒப்பித்தார். டாங்க் அக்கா பெட்டியின் கணக்கு என்னவென்று சொன்னார். இயக்குநர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், தன் கையாலேயே ஒயரைக் கழற்றிப் பார்த்தார். செருகிப் பார்த்தார். மறுபடியும் கழற்றிப் பார்த்தார். புதுப் பொம்மை கிடைத்த குழந்தைபோல நாலு தடவை செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மேடம், டாங்க் நிஜமாவே தண்ணி உறையிற அளவுக்குச் சூடாகியிருந்தா அந்தப் பெட்டி இருநூத்தி எழுபத்து மூணு காட்டியிருக்கும்" என்றார் அண்ணி. "அந்த எண்ணை யாருமே பார்க்கலை. திறந்தே கிடந்தாலும் நைட்ரஜன் வத்தறதுக்கு நாள்கணக்காகும். ரெண்டரைக்கு எழுபத்தேழுன்னா, மூணு மணிக்கும் உள்ளே மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறுதான். அதுலதான் சார் கையுறை இல்லாம வலது கையை விட்டு, குச்சியைத் தடவிப் பார்த்திருக்கார். அந்தக் கையைக் கொஞ்சம் மேஜை மேல வெக்கச் சொல்லுங்க."

ஐந்து விரலும் பத்திரமாக இருந்த கை அது. நகம் அழகாக வெட்டப்பட்டிருந்தது. மோதிரம்கூட மினுங்கியது. இஸ்திரி அதை மெல்ல மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

தீர்ந்தது கதை என்று நான் எழுந்து கை தட்டத் தயாரானேன். ஆனால் அந்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டார்.

"மேடம், கையை விட்டேன்னு சொன்னது பொய்தான். ஒயர் தானாவே கழண்டிருந்திருக்கும். பெட்டியில பூஜ்யத்தைப் பார்த்ததும் கெட்டுப்போச்சுன்னு நம்பி எல்லாத்தையும் எரிச்சுட்டேன். என் முட்டாள்தனம்தான். ஆனா எரிச்சது எரிச்சதுதான். இந்தம்மா வேலை நேரத்துல கிளம்பிப் போகாம இருந்திருந்தா எனக்கு எடுத்துச் சொல்லியிருப்பாங்க. நஷ்டத்துக்கு அவங்களும்தான் பொறுப்பு."

திருடன் பட்டத்தைவிட முட்டாள் பட்டம் மலிவு என்று கணக்குப் போட்டுவிட்டார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாங்க் அக்கா தரையைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சட்டையைக் கசக்கி எறியலாம்போல இருந்தது.

"தம்பி, வந்ததும் பூனையைப் பத்தி என்னமோ சொன்னியே, அதைச் சொல்லு" என்றார் அண்ணி.

"அண்ணி, இப்பவா?"

"சொல்லுடா."

நான் அசடு வழியச் சொன்னேன். நாலு கார், நாலு நிழல், மூன்று பூனை. மூன்றும் வெள்ளைக் காரின் பின்பக்கம் இடத்துக்கு அடித்துக்கொண்டது.

"குச்சி கெடாம இருக்கணும்னா நைட்ரஜன்லதான் வெச்சிருக்கணும். அதோட ஆவி எப்பவும் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். குளிர்ந்த காத்து கனம், கீழேதான் இறங்கும். இந்த வெயில்ல ஒரு காருக்கு மட்டும் அடியில ஏசி ஓடுது மேடம். அந்தக் கார் யாருது?"

காவலாளியின் விரல் இஸ்திரியை நோக்கி நீண்டது. இஸ்திரியின் நெற்றியில் முதல் முறையாக வியர்வை பூத்தது.

எல்லாரும் வெயிலில் இறங்கினோம். பூனைகள் இன்னும் அங்கேயேதான் இருந்தன. காரைத் திறக்கச் சொன்னதும் இஸ்திரி பையைத் தடவினார். சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

"வண்டி என்ன தானாவா வந்தது? சாவி உங்க இடுப்புலயே தொங்குதே சார்" என்றார் காவலாளி.

பின்பக்கத்தைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை வழிந்து எங்கள் காலடியில் இறங்கியது. நடுவில், பழைய போர்வைக்குள் ஒரு சின்ன எஃகுக் கேன். டாங்க் அக்கா ஒரு கணம் தயங்கி இயக்குநரைப் பார்த்தார்.

"அறைக்குள்ளதான் போகக்கூடாதுன்னேன். இது கார்தானே? பாருங்க" என்றார் இயக்குநர்.

காவலாளி ஓடிப்போய்க் கையுறை கொண்டுவந்து கொடுத்தார். டாங்க் அக்கா மூடியைத் தூக்கி, அளவுகோலை உள்ளே விட்டு எடுத்து, அதில் பனி படிந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் குச்சிகள் இருந்த குவளையை ஆவிக்குள் லேசாகத் தூக்கிக் கண்ணாலேயே எண்ணிவிட்டு உடனே இறக்கினார். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இருந்தது அது.

"நாலு விரல் நைட்ரஜன் இருக்கு மேடம். எல்லாக் குச்சியும் முழுகித்தான் இருக்கு. இருநூத்திப் பன்னெண்டு. மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை."

ஒவ்வொரு குச்சியிலும் மாப்பிள்ளையின் எண் அச்சாகியிருக்குமாம். அதெல்லாம் அழிந்தது என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் இஸ்திரியிடம் வாங்கவிருந்த பண்ணைக்காரன் தொடுவேன் என்றானாம். அதுவரை கேனில் நைட்ரஜன் குறையக் குறைய இங்கேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று இஸ்திரி காரிலேயே வைத்துச் சுற்றியிருக்கிறான். ஆமாம், இனி அந்த ஆளுக்கு என்னிடம் மரியாதை கிடையாது.

இயக்குநர் போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, கண்ணாடியை மறுபடி மூக்கு நுனிக்குத் தள்ளி, டாங்க் அக்காவைப் பார்த்தார். "நீங்க நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

டாங்க் அக்காவின் முகம் வெளிறியது.

"பொண்ணுகூட இருங்க. நாளன்னிக்கு வந்து எனக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்க. பதினோரு வருஷமா நானும் மைனஸ் கோட்டைத்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அப்போது டாங்க் அக்காவின் போன் அடித்தது. கையில் கையுறை. அதனால் அண்ணிதான் அவர் பையிலிருந்து எடுத்து ஒலிபெருக்கியைப் போட்டுப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா!" என்று ஒரு குட்டிக் குரல். "இப்பதான் பார்த்தேன். முன்னூத்திப் பத்து!"

மூன்று நாளாக யார் திட்டியபோதும் அழாத அந்தப் பெண் கார் ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்து, கையுறையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, விக்கி விக்கி அழுதார். பூனைகள் திடுக்கிட்டு நகர்ந்து இடம் விட்டன.

"அம்மா? அம்மா, கேக்குதா? முன்னூத்திப் பத்துன்னு சொன்னேன்."

நான் மனதுக்குள் இருநூற்று எழுபத்து மூன்றைக் கழித்தேன். முப்பத்தேழு. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இன்னொரு தடவை கழித்துப் பார்த்தேன். அதேதான் வந்தது.

"கேக்குதும்மா, உங்கம்மாவுக்கு நல்லாக் கேக்குது" என்று நான் போனைப் பார்த்துச் சொன்னேன். "கிளம்பிட்டாங்க. இதோ வந்துட்டே இருக்காங்க."